தொகுதி எல்லையை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகலாமா? கொங்குப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டுப் பக்கம் வக்கீல் தொழில் பார்க்கிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று பேச்செடுத்தால் போதும், மஞ்சள் மண்டியிலிருந்து கோர்ட் வாசல் டீக்கடை வரை ஒரே கேள்விதான் வருகிறது: "எங்க ஊரைக் கொண்டுபோய் அந்தத் தொகுதியில சேர்த்துட்டாங்களே, கேஸ் போட முடியாதுங்களா?" நின்றுகொண்டே பாதி பதில் சொல்லி அனுப்பியவர்கள் நிறையப் பேர். மீதிப் பாதியை இங்கே எழுதியிருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்க. கேஸ் போடலாமா, கூடாதா?

போடலாம். ஆனால் மறுவரையறை ஆணை, அதாவது கணக்கெடுப்பை வைத்துத் தொகுதி எல்லையைத் திருத்தும் உத்தரவு, கெசட்டில் (அரசிதழில்) வந்த பிறகு போட்டால் ஜெயிப்பது மிக அபூர்வம். வரைவு வெளியாகி ஆட்சேபணை கேட்கிற அந்தச் சில வாரங்கள்தான் உங்கள் கையில் இருக்கிற காலம். அதைக் கோட்டை விட்டுவிட்டு, பிறகு ஹைகோர்ட் படியேறி மனம் நொந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மறுவரையறை என்பது சரியாக என்ன? யார் செய்கிறார்கள்?

இதில் இரண்டு வேலை இருக்கிறது. ஒரு சபைக்கு மொத்தம் எத்தனை இடம் என்று முடிவு செய்வது ஒன்று. அந்த இடங்களுக்கான எல்லைக்கோட்டை எந்தெந்த ஊர் வழியாக இழுப்பது என்பது இன்னொன்று. பேச்சில் இரண்டையும் கலந்துவிடுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

இதற்காக 1952, 1963, 1973, 2002 என்று நான்கு முறை தனி ஆணையம் அமைத்தார்கள். கடைசி ஆணையத்துக்கு உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி குல்தீப் சிங் தலைவர். அந்த ஆணை 2008 பிப்ரவரி 19 அன்று நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 2009 மக்களவைத் தேர்தலும் 2011 சட்டமன்றத் தேர்தலும்தான் புதிய எல்லையில் நடந்த முதல் பொதுத்தேர்தல்கள்.

சட்டமன்றத்தின் மொத்த இடம் 1967 முதல் 234. அதற்கு முன் ஆந்திரப் பகுதியும் மலபாரும் சேர்ந்திருந்த சென்னை மாகாணத்தில், 1952 தேர்தலில் 375 இடங்கள் இருந்தன. மாநிலங்கள் பிரிந்த பிறகு 1957இல் 205 ஆனது. 1976இல் 42வது திருத்தம் மாநிலங்களின் இட எண்ணிக்கைக்குப் பூட்டுப் போட்டது. 84வது திருத்தம் அந்தப் பூட்டை, 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வெளியாகும் வரை நீட்டித்தது. ஆக, 2008இல் மாறியது கோடு மட்டும்தான். எண்ணிக்கை மாறவில்லை.

நான் கோபிக்காரன். மாவட்டம் ஈரோடு, எம்.பி. மட்டும் ஏன் திருப்பூருக்கு?

அதிகம் வருகிற கேள்வி இது. 2008க்கு முன் கோபிசெட்டிபாளையம் பெயரிலேயே மக்களவைத் தொகுதி இருந்தது. அது போய்த் திருப்பூர் வந்தது. திருச்செங்கோடு போய் ஈரோடு வந்தது. ராசிபுரம் போய் நாமக்கல் வந்தது. இன்று திருப்பூர் மக்களவைத் தொகுதிக்குள் இருக்கிற 6 சட்டமன்றத் தொகுதிகளில் பெருந்துறை, பவானி, அந்தியூர், கோபி ஆகிய 4 ஈரோடு மாவட்டத்தில் இருக்கின்றன. ஈரோடு எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கிறவர்களில் காங்கயம், தாராபுரம் மக்கள் திருப்பூர் மாவட்டத்துக்காரர்கள். குமாரபாளையம் நாமக்கல் மாவட்டம்.

காரணத்தில் ஒரு பங்கைத் தேதியில் பார்க்கலாம். மறுவரையறை ஆணை 2008இல் நடைமுறைக்கு வந்தது. திருப்பூர் மாவட்டம் பிறந்தது 2009இல். கோடு போட்டபோது இல்லாத மாவட்டத்துக்கு ஏற்ப யாரும் கோடு போட்டிருக்க முடியாது. அதன் பிறகு மாவட்ட எல்லை மாறியது, தொகுதி எல்லை அப்படியே நின்றுவிட்டது.

சத்தியமங்கலத்துக்காரர்களுக்கு இதைவிடத் தூரம். சத்தியமங்கலம் என்ற சட்டமன்றத் தொகுதியே போய்விட்டது, பவானிசாகர் தனித்தொகுதி ஆனது. பவானிசாகர் நீலகிரி மக்களவைத் தொகுதியில் சேர்ந்திருக்கிறது. கர்நாடகா வழியாகச் சுற்றாமல் போவதென்றால், தாளவாடிக்காரர் ஒருவர் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, சமவெளிக்கு வந்து, திரும்ப இன்னொரு மலை ஏறினால்தான் தன் எம்.பி. தொகுதியின் தலைநகரான ஊட்டியைப் பார்க்க முடியும். வரைபடத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து மலைதான்.

எல்லாத் தொகுதியிலும் ஒரே அளவு மக்கள் இருக்க வேண்டாமா?

இருக்க வேண்டும் என்றுதான் அரசியல் சட்டத்தின் 170வது பிரிவு சொல்கிறது. ஆனால் "இயன்றவரை" என்ற ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்கிறது. வழக்குகளில் பெரும்பாலும் ஜெயிப்பது அந்தச் சொல்தான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2001இல் தமிழ்நாட்டு மக்கள்தொகை 6.24 கோடி. 234ஆல் வகுத்தால் தொகுதிக்குச் சராசரி 2.67 லட்சம். ஆணையம் 10 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்று வைத்துக்கொண்டது. அதாவது 2.40 லட்சத்திலிருந்து 2.93 லட்சம் வரை.

அடுத்த பத்து வருடத்தில் ஆட்கள் எங்கே போனார்கள் என்று 2011 கணக்கெடுப்பு காட்டியது. கோவை மாவட்டத்தில் 34.58 லட்சம் பேர், 10 தொகுதி. தொகுதிக்கு ஏறக்குறைய 3.46 லட்சம். திருப்பூரில் 24.79 லட்சம் பேருக்கு 8 தொகுதி, சராசரி 3.10. நாமக்கல்லில் 17.27 லட்சத்துக்கு 6, சராசரி 2.88. ஈரோட்டில் 22.52 லட்சத்துக்கு 8, சராசரி 2.81. கரூரில் 10.64 லட்சத்துக்கு 4, சராசரி 2.66. கோவையில் நான்கு பேர் சேர்ந்து வாங்குகிற பிரதிநிதித்துவத்தைக் கரூரில் மூன்று பேரே வாங்கிவிடுகிறார்கள் என்று தோராயமாகச் சொல்லலாம்.

கோவை மாவட்டத்துக்குள்ளேயே பாருங்கள். 2021 தேர்தலில் கவுண்டம்பாளையத்தில் வாக்காளர்கள் 4 லட்சத்துக்கும் மேல். வால்பாறையில் ஏறக்குறைய 2 லட்சம். ஒரே மாவட்டம், ஒரே கலெக்டர், ஓட்டின் கனம் மட்டும் இரண்டு மடங்கு வித்தியாசம். துடியலூர், சரவணம்பட்டிப் பக்கம் அடுக்குமாடியாக எழும்பிக்கொண்டே போனது. மலையில் எஸ்டேட் லயன் வீடுகள் காலியாகிக்கொண்டு வந்தன.

எனக்கு வால்பாறை மீது குறை இல்லை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிற தொகுதிக்கு, தலையை மட்டும் எண்ணி இடம் ஒதுக்கினால் மலைக்காரர்கள் குரல் சமவெளியில் கரைந்துவிடும். என் வருத்தம் கவுண்டம்பாளையத்தைப் பற்றியது. அங்கே வீடு கட்டி வந்தவருக்குத் தன் ஓட்டு பாதியாகிவிட்டது தெரியவே தெரியாது.

அப்படியானால் இந்த வித்தியாசத்தை வைத்தே வழக்குப் போடலாமே?

இங்கேதான் 329வது பிரிவு குறுக்கே நிற்கிறது. தொகுதி வரையறை, இட ஒதுக்கீடு பற்றி 327, 328வது பிரிவுகளின் கீழ் செய்த எந்தச் சட்டத்தையும் எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று அதன் முதல் உட்பிரிவு சொல்கிறது.

"ஆணையத்தின் உத்தரவு சட்டம் ஆகுமா, அது வெறும் உத்தரவுதானே?" என்று நல்ல வக்கீல் யாரும் கேட்பார். கேட்டார்கள். மத்தியப் பிரதேசத்தில் உஜ்ஜைன் தொகுதியைத் தனித்தொகுதி ஆக்கியதை எதிர்த்து அந்தப் பகுதிக்காரர் ஒருவர் போட்ட மேக்ராஜ் கோத்தாரி வழக்கு அது. 1966இல் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. ஆணை கெசட்டில் வெளியான நிமிடத்திலிருந்து அதற்குச் சட்டத்தின் பலம் வந்துவிடுகிறது, ஆகவே 329 அதையும் காக்கிறது. இல்லாவிட்டால் ஆளுக்கொரு தொகுதியாக வழக்குப் போட்டுத் தேர்தலையே நடக்கவிடாமல் செய்துவிடலாம் என்பது நீதிமன்றத்தின் கவலை. அந்தக் கவலையில் நியாயம் உண்டு.

நாமக்கல் வழக்கு என்று ஒன்று சொல்வார்களே, அது இதுதானா?

அது 329இன் இரண்டாவது உட்பிரிவு பற்றியது. ஆனாலும் நம் ஊர்க் கதை என்பதால் சொல்லியே ஆக வேண்டும். நாட்டின் முதல் பொதுத்தேர்தல். அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த நாமக்கல் தொகுதியில் பொன்னுசாமி என்பவர் சட்டமன்றத்துக்கு மனு தாக்கல் செய்தார். தேர்தல் அதிகாரி மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார். அவர் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார், அங்கே ஆகவில்லை, உச்ச நீதிமன்றம் போனார்.

1952 ஜனவரியில் தீர்ப்பு. நீதிபதி பசல் அலி எழுதினார். தேர்தல் என்றால் ஓட்டுப் போடுகிற நாள் மட்டும் இல்லை, அறிவிப்பிலிருந்து முடிவு அறிவிக்கும் வரை எல்லாமே தேர்தல்தான், நடுவில் கோர்ட் கை வைக்காது, குறை இருந்தால் முடிந்த பிறகு தேர்தல் மனு போடுங்கள் என்றது தீர்ப்பு. இன்றும் இந்தியாவின் எந்த ஹைகோர்ட்டில் தேர்தலை நிறுத்தக் கேட்டாலும் எதிர்த்தரப்பு முதலில் எடுத்துப் போடுவது இந்த நாமக்கல் தீர்ப்பைத்தான். எல்லை வழக்குகளிலும் நீதிபதிகளின் மனப்பாங்கைத் தீர்மானித்தது அதுதான் என்பது என் கருத்து.

அமெரிக்காவில் கோர்ட்டே தொகுதிகளை மாற்றச் சொல்கிறதாமே?

ஆமாம், நிலைமை அங்கே வேறு. டென்னசி மாநிலத்தில் 1901க்குப் பிறகு சட்டசபைத் தொகுதிகளைத் திருத்தவே இல்லை. ஆட்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், இடங்கள் கிராமத்திலேயே தங்கிவிட்டன. 1946இல் இதுபோன்ற ஒரு வழக்கில், இது அரசியல் முட்புதர், நீதிமன்றம் இதற்குள் நுழையக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி பிராங்க்பர்ட்டர் சொல்லியிருந்தார். 1962இல் டென்னசியிலிருந்து வந்த பேக்கர் எதிர் கார் வழக்கில் அந்த நிலைப்பாடு உடைந்தது. 1964இல் அலபாமாவின் ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் வழக்கில், மாநிலச் சபைகள் இரண்டிலும் தொகுதிகள் மக்கள்தொகையில் கிட்டத்தட்டச் சமமாக இருந்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பானது. சட்டமன்ற உறுப்பினர்கள் மக்களின் பிரதிநிதிகள், மரங்களுக்கும் ஏக்கர்களுக்கும் அல்ல என்று தலைமை நீதிபதி வாரன் அதில் எழுதினார்.

கவுண்டம்பாளையம், வால்பாறைக் கணக்கு அங்கே நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் நிற்பது கடினம். அந்த அரசியல் சட்டத்தில் 329 மாதிரி ஒரு தடை இல்லை என்பதை மறந்துவிட்டு, அந்தத் தீர்ப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு இங்கே வருகிறார்கள். நம் உச்ச நீதிமன்றம் 1993இல் சிக்கிம் வழக்கில் தன் பார்வையைச் சொல்லிவிட்டது. 32 இடங்களில் 12 பூட்டியா, லெப்சா மக்களுக்கும், 1 புத்த மடத் துறவிகளின் சங்கத்துக்கும் ஒதுக்கியதை அது செல்லும் என்றது. ஓட்டுகளின் சமத்துவத்தைத் தராசில் வைத்த மாதிரி நூலளவு பார்க்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம்.

அப்போது கதவு முழுக்கச் சாத்தியிருக்கிறதா?

2024 வரை பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். குஜராத்தில் பர்தோலி தொகுதியைத் தனித்தொகுதி ஆக்கியதை எதிர்த்த வழக்கை 329ஐக் காட்டி அந்த மாநில ஹைகோர்ட் தள்ளியிருந்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. ஆணை வெளிப்படையாகவே தன்னிச்சையானது, அரசியல் சட்ட விழுமியங்களுக்கு ஒவ்வாதது என்றால் நீதிமன்றம் பார்க்கலாம், குடிமகனுக்கு முறையிட ஓர் இடமும் இல்லாமல் போகக்கூடாது என்றது. நீதிபதிகள் சூர்ய காந்த், உஜ்ஜல் புயான்.

கவனியுங்கள், பர்தோலி ஆணையில் அந்தத் தீர்ப்பு கை வைக்கவில்லை. கதவு ஒரு விரல்கடை திறந்தது, அவ்வளவுதான். "எங்க ஊர் பேர் போச்சு", "தூரம் அதிகம்" என்பவை அந்த இடைவெளியில் நுழையாது. ஒரு சமூகத்தை வேண்டுமென்றே இரண்டாக வெட்டியது, சட்டத்தில் சொன்ன அளவுகோல் எதையும் பார்க்காதது என்ற அளவுக்கு ஆதாரம் வேண்டும்.

எங்கள் தொகுதி தனித்தொகுதியாகவே இருக்கிறது. சுழற்சி கிடையாதா?

சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் தேர்தலுக்குத் தேர்தல் சுழற்சி கிடையாது, அடுத்த மறுவரையறை வரை அப்படியே இருக்கும். 234இல் 44 தாழ்த்தப்பட்டோருக்கு, 2 பழங்குடியினருக்கு. அந்த இரண்டும் நம் பக்கத்தில்தான்: கொல்லிமலையை உள்ளடக்கிய சேந்தமங்கலமும், ஏற்காடும்.

பழங்குடித் தொகுதிக்கு விதி எளிது. அவர்கள் விகிதம் எங்கே மிக அதிகமோ அங்கே. தாழ்த்தப்பட்டோர் தொகுதிக்கு இரண்டு விதியும் சேர்ந்து வருகிறது. அவர்கள் விகிதம் கூடுதலாக இருக்கிற இடமாகவும் இருக்க வேண்டும், மாநிலம் முழுக்கப் பரவியும் இருக்க வேண்டும். உஜ்ஜைன், பர்தோலி, நம் தென்காசி என்று பல வழக்குகள் இதில்தான் வந்தன. ஆனால் வருகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தனித்தொகுதியால் உங்களுக்கு ஓட்டுரிமை போகிறதா? போகவில்லை. அந்த ஊரில் பிறந்து, அந்த ஊர் டீக்கடையில் தனி டம்ளர் பார்த்து வளர்ந்த ஒருவர் சட்டமன்றத்தில் உட்கார வழி வருகிறது. அதை எதிர்த்து மட்டும் வருகிற வழக்குக்கு நான் வக்காலத்து போடுவதில்லை.

தமிழ்நாட்டு இடங்கள் குறைந்தால் கோர்ட் தடுக்குமா?

முதலில், சட்டமன்ற இடத்துக்கும் பிற மாநிலத்துக்கும் போட்டி இல்லை. 170வது பிரிவின்படி ஒரு சட்டமன்றத்தில் 60 முதல் 500 வரை இடம் இருக்கலாம். பயம் மக்களவை பற்றியது. அந்தப் பயம் கற்பனை அல்ல. நமக்கு 41 எம்.பி. இருந்தது, 1967இல் 39 ஆனது.

2021 ஆகஸ்டில் தென்காசி தனித்தொகுதி வழக்கைத் தள்ளுபடி செய்த மதுரைக் கிளை, அதே தீர்ப்பில் இந்த இழப்பைக் கையில் எடுத்தது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலத்துக்கு இது தண்டனையா, 14 தேர்தலில் இழந்த பிரதிநிதித்துவத்துக்கு ஈடாக 5,600 கோடி ரூபாய் ஏன் தரக்கூடாது என்று நீதிபதிகள் கிருபாகரன், புகழேந்தி கேட்டார்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வீடு வீடாக நடந்த செவிலியர்களின் உழைப்பை ஒரு தீர்ப்பில் பார்த்தது மனதுக்கு இதமாக இருந்தது. ஆனால் அது கேள்வி, உத்தரவு இல்லை.

2025 ஜூலையில், ஜம்மு காஷ்மீரில் செய்தது போல ஆந்திராவுக்கும் தெலங்கானாவுக்கும் சட்டமன்ற இடங்களைக் கூட்டிக் கோடு போடச் சொன்ன மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 170 சொல்லும் காலம், அதாவது 2026க்குப் பிறகான முதல் கணக்கெடுப்பு, வரட்டும் என்றது. எண்ணிக்கை பற்றிய முடிவு நாடாளுமன்றத்தில்தான் எடுக்கப்படும். எம்.பி.க்களைப் பிடித்து உலுக்க வேண்டிய விஷயம் இது.

கேஸ் வேண்டாமுங்க, மொடக்குறிச்சி மாதிரி நின்னு காட்டினா?

1996இல் மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள், விவசாயிகளின் எதிர்ப்பைக் காட்ட. வாக்குச்சீட்டே புத்தகமாக அடிக்க வேண்டி வந்தது. நாடே திரும்பிப் பார்த்தது. அதே வருடம் சட்டமன்ற டெபாசிட்டை 250லிருந்து 5,000 ரூபாயாக ஏற்றிவிட்டார்கள். திரும்பச் செய்வது கஷ்டம்.

உள்ளாட்சி வார்டு எல்லைக்கும் இதே தடையா?

தடை அதேதான், பிரிவு எண்தான் வேறு. இங்கே என் சொந்த அனுபவம் ஒன்று. சில வருடங்களுக்கு முன் எங்கள் வீதியை நடுவில் வெட்டி வடசிறகு ஒரு வார்டு, தென்சிறகு ஒரு வார்டு என்று போட்டுவிட்டார்கள். பொதுக்குழாய் தென்சிறகில். குழாய் உடைந்தால் வடசிறகுப் பெண்கள் யாரிடம் போவது என்று தெரியாமல் இரண்டு கவுன்சிலர் வீட்டுக்கும் குடத்தோடு நடந்தார்கள். வரைவு ஒட்டியிருந்த பலகை, அலுவலகப் படிக்கட்டுக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்துகிற இடத்தில். வக்கீலான நானே பார்க்கவில்லை. பார்த்தபோது ஆட்சேபணைக் கெடு முடிந்து நான்கு நாள்.

1995இல் உத்தரப் பிரதேசப் பஞ்சாயத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு விதிவிலக்கு சொல்லியிருக்கிறது. ஆட்சேபணையே கேட்கவில்லை, விசாரணையே நடக்கவில்லை என்றால் வழக்குப் போடலாம். எங்களிடம் கேட்டார்கள், நாங்கள்தான் சொல்லவில்லை. 2019 டிசம்பரில் புதிதாகப் பிரித்த மாவட்டங்களில் வரையறை முறையாக முடியவில்லை என்று 9 மாவட்டங்களுக்கு மட்டும் உள்ளாட்சித் தேர்தலை உச்ச நீதிமன்றம் தள்ளி வைத்தது. கொங்கு மாவட்டம் எதுவும் அதில் இல்லை.

சரி, ஆட்சேபணையை எப்படி எழுதுவது?

2002 மறுவரையறைச் சட்டப்படி ஆணையத்தோடு மாநிலத்துக்கு 5 எம்.பி., 5 எம்.எல்.ஏ. துணை உறுப்பினர்களாக உட்காருவார்கள். அவர்களுக்கு ஓட்டு இல்லை, ஆனால் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்யலாம், வரைவோடு அதுவும் வெளியாகும். உங்கள் பகுதியிலிருந்து யார் இருக்கிறார் என்று பார்த்து முதலில் அவரிடம் போங்கள். பிறகு ஆணையம் நடத்தும் பொது அமர்வுக்குப் போங்கள்.

மனுவில் ஊர்ப் பெருமை வேண்டாம். சட்டம் பார்க்கச் சொல்வது நிலவமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்கள் வசதி, பகுதி ஒட்டியிருப்பது. அந்த வார்த்தைகளிலேயே எழுதுங்கள். எந்த வருவாய் கிராமம், எந்த ஃபிர்கா, கணக்கெடுப்பில் எத்தனை பேர், தாலுகா ஆபீசுக்கு எத்தனை பஸ் மாற வேண்டும், நடுவில் ஆறா காடா. முக்கியமாக, உங்கள் கிராமத்தை எடுத்துவிட்டால் அந்தத் தொகுதியின் கணக்கு எப்படி நேராகும் என்று மாற்று வழியையும் நீங்களே போட்டுக் காட்டுங்கள். "எங்களை விட்டுவிடுங்கள்" என்று மட்டும் சொல்கிற மனு அடியில் போய்விடும்.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றில் வாங்கியவர் கையெழுத்து, முத்திரை, தேதி மூன்றும் வாங்காமல் திரும்ப வேண்டாம். தபாலில் என்றால் ஸ்பீட் போஸ்ட், பட்டுவாடா ஆனதற்கான ஒப்புகையோடு. நாளைக்கு "யாரும் ஆட்சேபிக்கவில்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது, நான் நீதிபதி முன்னால் நீட்டுவதற்கு அந்த ஒற்றைத் தாள் வேண்டும்.